இராமானுஜன் விட்டுவிட்ட எண்

நம் பேரவை நிகழ்ச்சிகளில் கணிதமேதை இராமானுஜன் தலைகாட்டாத ஆண்டு கிடையாது. புதிர்ப் போட்டியில் வருவார். பேச்சுப் போட்டியில் வருவார். பட்டிமன்றத்தில் இரண்டு அணிகளும் அவரைத் தத்தம் பக்கம் இழுக்கும். ஆனால், வரும்போதெல்லாம் அவர் வாடகை வண்டியில்தான் வருகிறார். அந்த வண்டியின் எண் 1729.

கதை உங்களுக்குத் தெரியும். இங்கிலாந்தில் புட்னி என்னுமிடத்தில் நோயுற்றுப் படுத்திருந்தவரைக் காணச் சென்ற பேராசிரியர் ஹார்டி, தாம் வந்த வண்டியின் எண் சுவையற்றது என்றார். இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாக எழுதக்கூடிய எண்களில் அதுவே மிகச் சிறியது என்றார் இராமானுஜன். 10³ + 9³ = 1729; 12³ + 1³ = 1729. கைதட்டல். அடுத்த போட்டியாளர் மேடைக்கு வரலாம்.

இந்தக் கதைக்கு நான் எதிரியல்லன். ஆனால், அது இராமானுஜன் செய்த வேலை அன்று. வேலைக்கு இடையில் நடந்த ஓர் உரையாடல். 1729-இன் இந்தத் தன்மையைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் பிரெனிக்ல் டி பெஸ்ஸி 1657-லேயே குறித்து வைத்திருக்கிறார். இராமானுஜன் எதற்காகப் பட்டம் பெற்றார், எதை உட்கார்ந்து எழுதினார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்? கணிதம் படிக்கும் நானே இரண்டாம் ஆண்டு வரை சொல்லியிருக்க மாட்டேன்.

ஆகவே இம்முறை வேறோர் எண்ணை உங்கள் முன் வைக்கிறேன்.

293,318,625,600.

29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600. நம் நாட்டு வழக்கப்படிச் சொன்னால் 293 பில்லியன் சொச்சம். இந்த எண்ணை இராமானுஜன் எங்கும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. கண்டுபிடித்திருக்க வேண்டிய இடத்தில் விட்டுவிட்டார். அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

பேரவை விழாவில் வடை பங்கிடுவதாக வைத்துக்கொள்வோம். 59 வடை இருந்தால் தொல்லைதான். 59 பேர் வந்தாலொழியச் சமமாகப் பிரிக்க முடியாது. 60 வடை என்றால் இரண்டு பேர், மூன்று பேர், நான்கு, ஐந்து, ஆறு, பத்து, பன்னிரண்டு, பதினைந்து, இருபது, முப்பது பேர் யார் வந்தாலும் மிச்சமின்றிப் பிரிக்கலாம். காரணம், 60-க்கு 12 காரணிகள் (1-ஐயும் 60-ஐயும் சேர்த்து). 60-ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் இல்லை. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் தோற்கடிக்கும் எண்ணை நான் இங்கே 'மிகுபகு எண்' என்று எழுதுகிறேன். இதைவிட நல்ல சொல் வைத்திருப்பவர்கள் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். சொல்லுக்காக நான் சண்டைக்கு வரமாட்டேன். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840 என்று அவ்வரிசை போகும்.

இந்த எண்களைப் பற்றித்தான் இராமானுஜன் 1915-இல் இலண்டன் கணிதக் கழகத்தின் ஆய்வேட்டில் நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். கேம்பிரிட்ஜுக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1916 மார்ச்சில் ஆய்வின்வழி இளங்கலைப் பட்டம் கிடைத்ததும் இந்த ஆய்வுக்காகவே. கும்பகோணத்திலும் சென்னையிலும் கணிதம் தவிர மற்ற பாடங்களில் தேறாமல் படிப்பை இழந்தவருக்கு அது முதல் பட்டம். அந்தக் கட்டுரையில் நூற்றுக்கும் மேற்பட்ட மிகுபகு எண்களைக் கையால் கணக்கிட்டு அட்டவணையாகப் போட்டிருக்கிறார். கடைசி எண் 6,746,328,388,800. அதற்கு 10,080 காரணிகள்.

கையால் எப்படி முடிந்தது? ஒவ்வோர் எண்ணாக எடுத்து வகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. இங்கேதான் அவருடைய வேலை இருக்கிறது. அதில் முதல் படி தமிழ்ப்பள்ளி மாணவனுக்கும் புரியும்.

எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாகப் பிரிக்கலாம். 12 = 2² × 3. இதன் காரணி ஒன்றை உருவாக்க வேண்டுமானால் 2-ஐ எடுக்காமல் விடலாம், ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம்: மூன்று வழி. 3-ஐ விடலாம் அல்லது எடுக்கலாம்: இரண்டு வழி. ஆக 3 × 2 = 6 காரணிகள். அடுக்கு ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். இப்போது 18-ஐப் பாருங்கள். 18 = 2 × 3². அதற்கும் 6 காரணிகள்தாம். 12-இல் 2-க்கு இருந்த அடுக்கு 18-இல் 3-க்குப் போயிருக்கிறது. எண் பெரிதாகிவிட்டது, காரணி ஒன்றுகூட ஏறவில்லை. எனவே 18 தோற்றது. இதையே பொதுவாகச் சொன்னால், மிகுபகு எண்ணில் சிறிய பகா எண்ணின் அடுக்கு பெரிய பகா எண்ணின் அடுக்கைவிட ஒருபோதும் குறைந்திருக்காது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 ஆகவே இருக்கும். 4, 36 ஆகிய இரண்டு எண்கள் மட்டும் விதிவிலக்கு. இது இராமானுஜன் நிறுவியது. இவ்விதிகளால் கோடிக்கணக்கான எண்கள் ஆட்டத்திலிருந்தே விலகிவிடுகின்றன. மிச்சமிருக்கும் சிலவற்றோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

இப்போது நம் எண்ணுக்கு வருவோம்.

293,318,625,600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. இறங்கு வரிசை, கடைசி ஒன்று. காரணிகள் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5,040. 1 முதல் 22 வரை எந்த எண்ணாலும் இது மீதமின்றி வகுபடும். 23-இல்தான் முதன்முதலாகச் சிக்கும்.

5,040 காரணிகள் என்பது எவ்வளவு பெரிய சாதனை என்பதை அக்கம்பக்கத்து எண்களோடு ஒப்பிட்டால்தான் உணர முடியும். 2-ஐ மட்டுமே 38 தடவை பெருக்கினால் 274,877,906,944 வரும். ஏறக்குறைய அதே உயரம். அதற்கு வெறும் 39 காரணிகள்! எதிர்த்திசையில் போய், 2 முதல் 31 வரையுள்ள பதினொரு பகா எண்களையும் ஆளுக்கு ஒருமுறை பெருக்கினால் 200,560,490,130. அதற்கு 2,048 காரணிகள். ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் கொடுத்தாலும் சரிப்படவில்லை. எல்லாருக்கும் சரிசமமாகக் கொடுத்தாலும் சரிப்படவில்லை. சிறிய பகா எண்ணுக்குக் கூடுதல், பெரியதற்குக் குறைவு, எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு? அந்த 'எவ்வளவு'தான் இராமானுஜனின் கட்டுரை.

அவருடைய அட்டவணையில் 4,800 காரணிகள் கொண்ட 240,940,299,600 இருக்கிறது. அதற்கடுத்து 5,376 காரணிகள் கொண்ட 321,253,732,800 இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நம் எண் இருந்திருக்க வேண்டும். இல்லை. 4,800-லிருந்து 5,376-க்குத் தாவியதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். ஏனென்றால் அட்டவணையில் தாவல்கள் இயல்பு. முன்னே இருக்கும் எண்ணிலும் பின்னே இருக்கும் எண்ணிலும் 23 என்ற பகா எண் வந்துவிட்டது. 7-இன் அடுக்கு 1. விடுபட்ட எண்ணில் மட்டும் 23 இல்லை. அதற்கு ஈடாக 7 இரட்டிப்பாக இருக்கிறது. கதவைத் தாண்டிப் போய்விட்ட பிறகு திரும்பி வந்து பார்க்க வேண்டிய எண் அது. அங்கேதான் கை நழுவியிருக்கும் என்பது என் கணிப்பு. இதில் ஒரு வேடிக்கை: அட்டவணையின் கடைசி எண்ணான 6,746,328,388,800-ஐ 23-ஆல் வகுத்துப் பாருங்கள். கிடைப்பது அந்த விடுபட்ட எண்ணேதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நம் எண்ணுக்கு 5,040 காரணிகள். 5,040-க்கு 60 காரணிகள். 60-க்கு 12. 12-க்கு 6. 6-க்கு 4. 5,040 தொடங்கி 4 வரை வரிசையாக எல்லாமே மிகுபகு எண்கள்! இப்படிக் காரணிகளின் எண்ணிக்கைக்கே காரணிகளை எண்ணிப் பார்க்கும் கேள்வியையும் இராமானுஜன் அதே கட்டுரையில் தொட்டிருக்கிறார்.

கட்டுரையின் முதல் வரைவைப் படித்த மூத்த மாணவி ஒருவர், "தம்பி, ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்திருக்கிறது. நம் மலரிலேயே அவர் தவற்றைப் போட வேண்டுமா?" என்று கேட்டார். "அக்கா, தவற்றைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அட்டவணையைப் படித்திருக்க வேண்டுமே" என்றேன். அவர் சிரித்துவிட்டார். ஆனால் கேள்வி நியாயமானது; பதில் சொல்லத்தான் வேண்டும்.

நாம் இராமானுஜனைச் சாமியாக்கிவிட்டோம். நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னார் என்பதை விரிவாகச் சொல்கிறோம். குலதெய்வத்தின் மீது அவருக்கு இருந்த பக்தி உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், தாள் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி எழுதி முழங்கையால் அழித்த மனிதரை மேடையில் பத்து வினாடி காட்டிவிட்டுக் கனவுக்குத் தாவிவிடுகிறோம். கனவில் வந்ததென்றால் நமக்கு வேலை இல்லை அல்லவா? தெய்வம் தந்ததைச் சரிபார்க்க வேண்டியதில்லை, கற்றுக்கொள்ளவும் வேண்டியதில்லை, கைதட்டினால் போதும். விடுபட்ட அந்த ஓர் எண் இந்த வசதியைக் கெடுக்கிறது. உட்கார்ந்து, அடுக்குகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, நூற்றுக்கு மேற்பட்டவற்றைச் சரியாகப் பிடித்து, ஒன்றைத் தவறவிட்ட மனிதர் ஒருவர் அங்கே தெரிகிறார். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார எனக்குத் துணிவு வந்தது அந்த எண்ணால்தான்.

ஹார்டியும் அவரைச் சாமியாக்கவில்லை. 1913-இல் வந்த கடிதங்களில் பகா எண்களைப் பற்றி இராமானுஜன் சொல்லியிருந்த சில முடிவுகள் பிழை என்பதை வெளிப்படையாகவே எழுதினார். மிகுபகு எண் ஆய்வைப் பற்றிச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய அறிக்கையில், கணித ஆராய்ச்சியின் முக்கிய ஓட்டத்திலிருந்து அது சற்று விலகியது என்பதையும் சொன்னார். அதைக் கையாண்ட விதத்தில் இருக்கும் நுண்மதியையும் மனமாரப் பாராட்டினார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தவரைத்தான் இராமானுஜன் நண்பராகக் கொண்டார்.

விலகியது என்ற அந்தக் கணிப்பும் முழுமையாக நிலைக்கவில்லை. போர்க்காலத்தில் கழகத்துக்கு இருந்த பண நெருக்கடியால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமல் நின்றது. அதில், காரணிகளை எண்ணுவதற்குப் பதிலாகக் காரணிகளைக் கூட்டினால் வரும் தொகை எவ்வளவு பெரிதாக முடியும் என்று ஆராய்ந்திருக்கிறார். ரீமன் கருதுகோள் சரியென்று வைத்துக்கொண்டால், போதிய அளவு பெரிய எண்களுக்கு அத்தொகை ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டாது என்று காட்டியிருக்கிறார். 1984-இல் ராபின் என்ற பிரெஞ்சு அறிஞர் அதே வரம்பை எடுத்துக்கொண்டு, 5,040-ஐவிடப் பெரிய எந்த எண்ணும் அதைத் தாண்டாது என்று நிறுவுவதும் ரீமன் கருதுகோளை நிறுவுவதும் ஒன்றே என்று காட்டினார். மீண்டும் அதே 5,040! இராமானுஜனின் அச்சேறாத பக்கங்கள் விளக்கக் குறிப்புகளோடு ஆய்விதழில் வெளிவந்தது 1997-இல்தான். அக்குறிப்புகளை எழுதிய இருவரில் ஒருவர் ராபின். ரீமன் கருதுகோள் இன்னும் நிறுவப்படவில்லை. வடை பங்கிடும் கணக்கு எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்.

இதையெல்லாம் இவ்வளவு நேரம் தமிழில்தான் சொன்னேன். என் உண்மையான ஆதங்கம் இங்கேதான் இருக்கிறது.

2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்ற கொள்கை தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தபோது நம் சமூகம் கவலைப்பட்டது. 2009-இல் அதைக் கைவிடும் முடிவு வந்து, படிப்படியாகத் தமிழ்ப்பள்ளிகளில் கணிதம் தமிழுக்குத் திரும்பியது. பிறகு இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோதும் தமிழ்ப்பள்ளிக்குள் அது நுழையக்கூடாது என்று குரல் கொடுத்தோம். அந்தக் குரல் சரியானதே என்பது என் கருத்து. ஆனால், எட்டு வயதுப் பிள்ளை தமிழில் கணக்குப் படிக்க வேண்டும் என்று கேட்கும் நாம், இருபத்திரண்டு வயதில் நம் சொந்த மலரில் ஒரு பக்கம் கணக்கைத் தமிழில் எழுதியிருக்கிறோமா? பேரவை அலமாரியில் உள்ள பழைய மலர்களைப் புரட்டினேன். கவிதை உண்டு, சிறுகதை உண்டு, தமிழின் தொன்மை பற்றிய கட்டுரைகள் ஏராளம். தமிழில் எல்லாம் முடியும் என்று சொல்லும் கட்டுரைகளும் உண்டு. முடித்துக் காட்டிய கட்டுரை என் கண்ணில் படவில்லை. பெற்றோருக்கு நாம் சொல்லாமல் சொல்வது, ஆறாம் ஆண்டு வரைதான் தமிழில் கணக்கு, அதற்குப் பிறகு தமிழ் மேடைக்கு மட்டும் என்பதுதானே? அப்படியிருக்க, ஆங்கிலம் வேண்டும் என்று கேட்கும் பெற்றோரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

கலைச்சொல் இல்லை என்பார்கள். மேலே எழுதியதில் காரணி, பகா எண், அடுக்கு, வரம்பு, கருதுகோள் ஆகிய ஐந்தாறு சொற்களுக்கு மேல் தேவைப்படவில்லை. ஒன்றைத் தவிர எல்லாம் ஏற்கெனவே இருப்பவை. திண்ணைப் பள்ளிக் காலத்தில் 1/320-க்கே முந்திரி என்று பெயர் வைத்துப் புழங்கிய மொழி இது. தேர்வு ஆங்கிலத்தில்தானே என்பார்கள். தேர்வுக்காகவா நாம் கவிதை எழுதுகிறோம்? யார் படிப்பார்கள் என்பதுதான் கொஞ்சம் கனமான கேள்வி. ஆனால் ஒன்று சொல்வேன்: 18 ஏன் 12-இடம் தோற்றது என்பதை இதே கட்டுரையில் படித்து நீங்கள் தலையசைத்திருந்தால், ஒருவர் படித்தாயிற்று.

அதற்காகப் பேரவை கணிதச் சங்கமாக மாற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பக்கம் போதும். பொறியியல் படிப்பவர் பாலம் எப்படி நிற்கிறது என்று எழுதட்டும். மருத்துவ மாணவி காய்ச்சல் ஏன் வருகிறது என்று எழுதட்டும். அடுத்த மலரில் இதற்கென இரண்டு பக்கம் ஒதுக்கும்படி ஆசிரியர் குழுவிடம் கேட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். 'பார்க்கலாம்' என்றால் என்ன பொருள் என்பது பேரவையில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆகவே முன்னாள் மாணவர்கள் யாராவது அவர்களுக்கு ஒரு வார்த்தை சொன்னால் நல்லது.

டிசம்பர் 22 இராமானுஜன் பிறந்தநாள். அன்றைக்கு யாராவது பேரவை அறையில் 1729-ஐப் பற்றிப் பேச எழுந்தால், பேசட்டும். பேசி முடித்ததும் வெண்பலகையில் இந்தக் கணக்கை எழுதுங்கள்: சரியாக 100 காரணிகள் கொண்ட மிகச் சிறிய எண் எது? விடை 50,000-க்குள் இருக்கிறது. இராமானுஜனின் அட்டவணையிலும் இருக்கிறது. இதை அவர் விடவில்லை. கைப்பேசியைத் தொடாமல் முயன்று பாருங்கள். 100-ஐ எத்தனை விதமாகப் பெருக்கலாக எழுதலாம் என்பதிலிருந்து தொடங்குங்கள்.